மெழுகுத்தாளும் கண்ணாடித் தகடும்: லின்னேயஸ் டிரைப்பின் தென்னகப் பயணமும் (1857–1858) ஒளிப்படக் கருவித் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை மதுரை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் எடுத்த படங்கள் தமிழகக் கட்டடக்கலை வரலாற்றின் தொடக்ககாலக் காட்சிச் சான்றுகளாகும். இவற்றை ஆராய்வோர் பெரும்பாலும் படத்தின் பொருளையும் காலனிய நோக்கையும் கருதுகின்றனர். எக்கருவியால், எம்முறையால் அவை எடுக்கப்பட்டன என்பதைக் கருதுவது குறைவு. டிரைப் மெழுகுத்தாள் முறையைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களையும், அத்தேர்வு படங்களில் பதிந்தவற்றையும் விடுபட்டவற்றையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் இயல்பை அறியாமல் ஒளிப்படச் சான்றை வாசித்தல் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: லின்னேயஸ் டிரைப், மெழுகுத்தாள் முறை, கொலோடியன், தஞ்சைப் பெரிய கோயில், கல்வெட்டுப் பதிவு, ஒளிப்பட வரலாறு.

முன்னுரை

வரலாற்று ஆய்வில் ஒளிப்படம் சான்றாகக் கொள்ளப்படும்போது, அது கண்முன் இருந்ததை அப்படியே காட்டுவதாக எண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கல்வெட்டை ஆராய்பவர் கல்லின் தன்மை, எழுத்தின் வடிவம், பொறித்தவரின் பிழை ஆகியவற்றை எடைபோட்ட பின்னரே பாடத்தை உறுதிசெய்கிறார். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் ஏடெழுதியோரின் வழக்கங்களை அறிந்தே பாடவேறுபாடுகளைத் தீர்க்கிறார். ஒளிப்படத்திற்கோ இத்தகைய மூலத் திறனாய்வு அரிதாகவே மேற்கொள்ளப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படம் வேதிப்பொருள், தாள், கண்ணாடி, வில்லை, வெப்பநிலை, நீர் ஆகியவற்றின் கூட்டு விளைவு. அவற்றுள் ஒன்று மாறினாலும் படம் மாறும்.

தமிழகத்தைப் பொறுத்தவரை இச்சிக்கலை ஆராய்வதற்கு டிரைப்பின் பணி தக்க களமாகும். அவர் கையாண்ட முறை தெளிவாக அறியப்பட்டது. பயணத்தின் காலமும் வழியும் அறியப்பட்டவை. படங்கள் பல நாட்டுத் தொகுப்புகளில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2014–2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டதும் அவற்றின் மீதான கவனத்தைப் புதுப்பித்தது.

1850களில் இருந்த தெரிவுகள்

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டில் பொதுவெளிக்கு அறிவிக்கப்பட்டது. பிரான்சில் டாகேர் உருவாக்கிய முறையில் வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் நேரடியாக ஒரே படம் கிடைத்தது. அதற்குப் படியெடுக்க இயலாது. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கேலோடைப் முறை தாளில் எதிர்ப்படத்தை உருவாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு நேர்ப்படங்களைப் பெற வழிசெய்தது. ஆனால் தாளின் இழைகள் எதிர்ப்படத்தில் பதிந்ததால் நுண்விவரங்கள் மங்கின.

1851ஆம் ஆண்டில் இருவேறு மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. பிரான்சைச் சேர்ந்த கஸ்தாவ் லு கிரே, தாளை வேதிப்பொருளில் தோய்ப்பதற்கு முன்பே அதில் வெண்மெழுகை ஏற்றினார். மெழுகு இழைகளுக்கிடையே புகுந்து தாளை ஒளி ஊடுருவக்கூடியதாக்கியது; விவரமும் கூடியது. இவ்வாறு ஆயத்தம் செய்த தாளை உலர்ந்த நிலையில் பல நாள் வைத்திருக்கலாம். படமெடுத்த பின்னரும் உடனடியாக உருத்துலக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். ஈதரிலும் ஆல்ககாலிலும் கரைத்த கொலோடியனைக் கண்ணாடியில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். கண்ணாடியில் இழை இல்லாததால் துல்லியம் மிகுதி. ஒளியேற்ற நேரமும் குறைவு.

ஆகவே 1850களின் நடுவில் களத்திற்குச் செல்லும் ஒளிப்படக்காரர் முன் தெளிவான தெரிவு இருந்தது. துல்லியமும் வேகமும் வேண்டுமெனில் கண்ணாடி. எளிய பயணமும் கால நெகிழ்வும் வேண்டுமெனில் மெழுகுத்தாள். ஐரோப்பாவில் கொலோடியன் விரைவில் மேலோங்கியது. தென்னிந்தியாவிலோ நிலைமை வேறு.

கம்பெனியின் தேவையும் ஒளிப்படப் பயிற்சியும்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதியிலுள்ள பழங்கட்டடங்களைப் பதிவுசெய்ய அதுவரை ஓவியர்களையும் வரைவாளர்களையும் நம்பியிருந்தது. 1855ஆம் ஆண்டளவில் கம்பெனியின் இயக்குநர் அவை, வரைபடங்களுக்கு மாற்றாக ஒளிப்படத்தைப் பயன்படுத்துமாறு மாகாண அரசுகளை ஊக்குவித்தது. செலவுக் குறைவும் பிழையின்மையும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். கம்பெனியின் படை அலுவலர்களைப் பயிற்றுவித்த அடிஸ்கோம் கல்லூரியிலும் ஒளிப்படப் பயிற்சி இடம்பெற்றது. பம்பாயில் 1854இலும் கல்கத்தாவில் 1856இலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னையிலும் அவற்றைத் தொடர்ந்து சங்கம் அமைந்தது. அலெக்சாந்தர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும் வால்டர் எலியட் போன்ற தொல்லியல் ஆர்வலர்களும் சென்னையில் இக்கலைக்கு ஆதரவளித்தனர்.

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த டிரைப், கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைக் கற்று, 1853இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ஒளிப்படச் சங்கத்தின் உறுப்பினரானார். 1854இல் பெங்களூர் திரும்பியபின், அவ்வாண்டு இறுதியில் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஊர்களின் ஹொய்சளக் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பாராட்டைப் பெற்றன.

பர்மாப் பயணம் தந்த பாடம்

1855ஆம் ஆண்டில் ஆர்தர் ஃபேர் தலைமையில் பர்மிய அரசர் மிந்தோனின் தலைநகரான அமரபுரத்துக்குத் தூதுக்குழு ஒன்று சென்றது. ஹென்றி யூல் அதன் செயலாளர். காட்சிகளை வரைய கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரும், ஒளிப்படமெடுக்க டிரைப்பும் குழுவில் சேர்க்கப்பட்டனர். ஓவியரும் ஒளிப்படக்காரரும் ஒரே பயணத்தில் பணியமர்த்தப்பட்டமை, எந்தக் கருவி எதற்கு உதவும் என்பதை அரசு இன்னும் முடிவுசெய்யவில்லை என்பதைக் காட்டுகிறது. அரசவை நிகழ்ச்சி, ஊர்வலம், முகபாவம் ஆகியன ஓவியரின் கைக்கு எளியவை. பல நிமிட ஒளியேற்றம் வேண்டிய தாளுக்கு அவை எட்டாதவை. மரச்செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்த மடங்களையும் செங்கற் கோயில்களையும் தாள் பதிந்த அளவுக்கு எந்த ஓவியராலும் அக்குறுகிய காலத்தில் வரைந்திருக்க இயலாது.

திரும்பிவந்த பின் பர்மியக் காட்சிகள் 120 தேர்ந்தெடுக்கப்பட்டு, 50 தொகுதிகளாகப் படியெடுக்கப்பட்டன. அக்காலத்தில் ஒளிப்படத்தை அச்சு எழுத்துகளுடன் சேர்த்து அச்சிடும் வழி நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு படியும் சூரிய ஒளியில் தனித்தனியே எடுக்கப்பட்டு, கழுவப்பட்டு, அட்டையில் ஒட்டப்பட வேண்டும். 120 காட்சிகள் 50 முறை என்றால் 6,000 படிகள். படமெடுத்தல் பணியின் ஒரு பகுதியே. படியெடுத்தலே அதனினும் பெரும்பகுதி என்பதை இப்பயணம் உணர்த்தியது. பின்னாளில் சென்னை அரசின் பணியைத் திட்டமிட்டபோது இவ்வனுபவம் துணைநின்றது. பர்மியப் படிகள் உப்புத்தாளில் அமைந்தவை. தென்னகப் பயணத்தின் படிகள் முட்டையின் வெண்கருவைப் பூசிய அல்புமென் தாளில் அமைந்தவை. இம்மாற்றம் படத்தின் மேற்பரப்பில் விவரத்தை நிறுத்தவும் ஆழ்ந்த கருமையைப் பெறவும் உதவியது. தங்கக் குளோரைடால் நிறமூட்டியதன் பயனாக அவருடைய படிகள் பல இன்றும் மங்காதிருக்கின்றன.

மெழுகுத்தாளைத் தேர்ந்ததன் காரணங்கள்

1856இல் சென்னை மாகாண அரசு டிரைப்பைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. பழங்கட்டடங்கள் அழிவதற்குமுன் அவற்றைப் பதிவுசெய்தலே பணியின் முதன்மை நோக்கம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை, சேலம் வழியாகத் தெற்கே சென்று, திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைக் கண்டு, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். பயணம் ஏறத்தாழ நான்கரை மாதம் நீடித்தது. அப்போது தென்னிந்தியாவில் இருப்புப்பாதை, 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்குத் திறக்கப்பட்டதோடு தொடக்கநிலையிலேயே இருந்தது. மதுரைக்கோ தஞ்சைக்கோ தொடர்வண்டி இல்லை. கருவிகள் மாட்டுவண்டியில் சென்றன.

இச்சூழலில் கருவித் தேர்வை நான்கு காரணிகள் தீர்மானித்தன. முதலாவது, படத்தின் அளவு. எதிர்ப்படத்தைப் பெரிதாக்கிப் படியெடுக்கும் வசதி அன்று நடைமுறைக்கு வரவில்லை. தாளோடு தாளை ஒட்டவைத்துப் படியெடுத்தமையால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய எதிர்ப்படமும் அதைத் தாங்கும் கருவியும் வேண்டும். டிரைப் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் என்ற அளவில் பணிபுரிந்தார். கட்டடக்கலை அறிஞர் ஒருவர் தூணின் உறுப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டுமெனில் இவ்வளவு தேவை.

இரண்டாவது, எடை. மேற்கூறிய அளவில் மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடித் தகடு ஒன்று ஏறத்தாழ 870 கிராம் இருக்கும். இருநூறு தகடுகள் 170 கிலோவுக்கு மேல். அவற்றோடு பெட்டிகளும் கொலோடியனும் ஈதரும் இருட்டுக்கூடாரமும் சேரும். மேடுபள்ளமான வண்டிப்பாதையில் கண்ணாடி உடையும் இடரும் உண்டு. அதே அளவுள்ள இருநூறு தாள்களை ஓர் உறையில் அடக்கிவிடலாம்.

மூன்றாவது, வெப்பம். ஈதரும் ஆல்ககாலும் தமிழக வெயிலில் விரைந்து ஆவியாகும். இங்கிலாந்தில் பத்து நிமிடம்வரை ஈரம் காக்கும் பூச்சு இங்கு அதனினும் குறைந்த நேரத்தில் உலரும். உலர்ந்தால் அதன் உணர்திறன் போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் கோயிலுக்கருகே இருட்டுக்கூடாரம் அமைத்து, அதன் புழுக்கத்துள் தகட்டைப் பூச வேண்டும். மெழுகுத்தாளை முந்தைய இரவே தங்குமிடத்தில் ஆயத்தம் செய்துவைக்கலாம். காலை ஒளியில் பல இடங்களில் படமெடுத்து, மாலையில் உருத்துலக்கலாம். மெழுகுத்தாளுக்கும் வெப்பத்தால் கேடு உண்டு. வெயிலில் சூடேறிய பெட்டிக்குள் மெழுகு இளகும். ஆயத்தத் தாளின் ஆயுளும் குறையும். எனினும் குளிர்காலத்தில் புறப்பட்டுக் கோடை முற்றுமுன் சென்னை சேர்ந்த பயணத் திட்டம் அக்கேட்டைப் பெருமளவு தவிர்த்தது.

நான்காவது, நீர். உருத்துலக்கவும் நிலைப்படுத்திய உப்புகளைக் கழுவவும் தூய நீர் மிகுதியாக வேண்டும். ஊருக்கு ஊர் கிணற்று நீரின் உப்புத்தன்மை வேறுபடும் பகுதியில், படமெடுத்த இடத்திலேயே கழுவ வேண்டிய கட்டாயமின்மை பெரும் வசதி. நல்ல நீர் கிடைக்கும் இடம்வரை காத்திருக்க மெழுகுத்தாள் இடமளித்தது.

ஆகவே டிரைப் பழைய முறையைப் பற்றிநின்றார் என்று கருதுவது பொருந்தாது. ஐரோப்பியச் சந்தையில் புதியது எது என்று பாராமல், தம் பணிக்கும் நிலத்துக்கும் எது ஏற்றது என்று பார்த்தே அவர் தேர்ந்துள்ளார். கருவியின் சிறப்பு அதனிடத்தே மட்டும் இல்லை. அது பயன்படும் சூழலோடு சேர்த்தே மதிப்பிடத்தக்கது.

கருவியின் எல்லைகள் படத்தில் பதிந்த விதம்

தேர்வு ஒவ்வொன்றும் ஓர் இழப்பையும் உடன்கொணர்கிறது. அக்காலத்து வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. பச்சையும் சிவப்பும் அவற்றுக்கு ஏறத்தாழ இருளே. இதனால் இரு விளைவுகள் நேர்ந்தன. நீலவானம் மிகையாகப் பதிந்து, எதிர்ப்படத்தில் சீரற்ற கரும்பரப்பாகியது. படியில் அது கறைபடிந்த வெண்மையாகத் தெரியும். மரங்களின் இலைத்தொகுதி விவரமின்றிக் கருந்திட்டாகியது.

டிரைப் இக்குறைகளை எதிர்ப்படத்தின்மேல் கையால் தீட்டித் திருத்தினார். வானப்பகுதியைச் சீராக மறைத்தார். சில படங்களில் முகில்களைத் தீட்டினார். இலைகளுக்கிடையே ஒளிப்புள்ளிகளை உண்டாக்கினார். மெழுகேறிய தாள் வண்ணத்தை ஏற்பதால் இத்திருத்தம் இயன்றது. வைகையாற்றுக் காட்சிகளில் தெரியும் முகில்களைக் கொண்டு அந்நாளின் வானிலையை ஊகிப்பது தவறு. கோயிலைச் சூழ்ந்த மரங்களின் வகையை அவ்விலைகளின் வடிவத்தால் துணிவதும் அத்தகையதே. அவை ஒளி பதித்தவை அல்ல, கை தீட்டியவை. அதே படத்தில் உள்ள கற்சுவரும் தூணும் ஒளி பதித்தவை. ஒரே தாளில் இருவகைச் சான்று உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளரின் முதற்கடமை.

மனிதர் இன்மை இதனினும் முக்கியமான சிக்கல். திருமலை நாயக்கர் அரண்மனை, மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம், யானைமலை ஆகியவற்றின் படங்களில் மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். மக்கள் நடமாட்டம் மிகுந்த இடங்கள் வெறிச்சோடியனவாய்க் காட்சியளிக்கின்றன. மக்களை நீக்கி நிலத்தையும் நினைவுச்சின்னத்தையும் மட்டும் காட்டும் காலனிய நோக்கின் வெளிப்பாடாக இவ்வெறுமையை விளக்குவது எளிது. ஆயினும் பல நிமிடம் திறந்திருந்த வில்லையின் முன் நடந்து சென்றவர் எவரும் தாளில் பதியமாட்டார். கடைத்தெருவில் நூறுபேர் கடந்துசென்றிருந்தாலும் படத்தில் தெரு வெறுமையாகவே இருக்கும். அசையாது அமர்ந்தவரின் உருவம் மட்டும் தெளிவாகவோ மங்கலாகவோ எஞ்சும்.

இதனால் நோக்கம் என்னும் விளக்கம் முற்றாக விலக்கத்தக்கது என்பதில்லை. டிரைப் விரும்பியிருந்தால் ஆட்களை அசையாது நிறுத்திப் படமெடுத்திருக்கலாம். அக்காலத்துப் பிற ஒளிப்படக்காரர் பலர் அவ்வாறு செய்தனர். கட்டடத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஆணையும், அசைவைப் பதியாத தாளும் ஒன்றையொன்று துணைசெய்தன. நோக்கம் கருவியைத் தேர்ந்தது. கருவி நோக்கத்தை மிகைப்படுத்தியது. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாக்கும் வாசிப்பு குறையுடையது.

அதே ஆண்டில் மதுரை முதலிய ஊர்களின் இரட்டைப்படங்களும் வெளியிடப்பட்டன. சற்றே விலகிய இரு வில்லைகளால் எடுக்கப்பட்ட சிறிய படங்களை அதற்கான கண்ணாடிவழி நோக்கினால் ஆழம் தோன்றும். தட்டையான பெரிய படத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும் தூண்வரிசை, இரட்டைப்படத்தில் தூரம் பிரிந்து நிற்கும். மண்டபங்களின் உள்ளமைப்பை உணர்த்த ஒரே கருவி போதாது என்பதை இவ்வெளியீடு காட்டுகிறது.

தஞ்சைக் கல்வெட்டின் தொடர்படம்

டிரைப்பின் பணியில் தமிழ் ஆய்வுக்கு மிக நெருக்கமானது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்த தொடர்படம். 1010இல் நிறைவுற்ற இக்கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றை ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டதை அங்குள்ள கல்வெட்டே தெரிவிக்கிறது. அதன் பயனாக அடித்தளம் முழுவதும் நீண்ட வரிகளாக எழுத்துகள் ஓடுகின்றன. எந்த ஒளிப்படக்கருவியும் அவ்வளவு நீளத்தை ஒருமுறையில் வாசிக்கத்தக்க அளவில் பதிய இயலாது.

டிரைப் கருவியைச் சுவருக்கு இணையாகப் படிப்படியாக நகர்த்தித் தொடர்ந்து படமெடுத்தார். 21 படிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாயின. இதன் அருமையை உணர அன்றைய இடர்ப்பாடுகளை எண்ணிப்பார்க்க வேண்டும். சுவருக்கும் கருவிக்கும் இடையிலான தூரம் சிறிது மாறினாலும் எழுத்தின் அளவு மாறும். அடுத்த படத்தோடு வரி பொருந்தாது. கருவி சற்றுச் சாய்ந்தாலும் நேர்க்கோடு வளைந்து தோன்றும். சூரியன் நகர நகர நிழலின் கோணம் மாறும். ஒவ்வொரு தாளின் உணர்திறனும் ஒன்றுபோல் இராது. ஒளிமானி இல்லாத காலத்தில் ஒளியேற்ற நேரத்தைக் கண்ணாலும் பழக்கத்தாலும் கணிக்க வேண்டும். படிகளின் நிறத்தையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரச் செய்ய வேண்டும். நல்ல கருவியை மட்டும் கொண்டு இது நிறைவேறாது. ஹளேபீட்டிலும் அமரபுரத்திலும் பெற்ற பயிற்சியின் விளைவாகவே இதைக் கொள்ளவேண்டும்.

ஆயினும் கல்வெட்டியல் அறிஞர்கள் பாடத்தை வாசிக்க இப்படம் அடிப்படையாகவில்லை. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, தஞ்சைக் கல்வெட்டுகளை ஆய்வுலகுக்கு அளித்தது. அதற்குத் துணைநின்றவை மைப்படிகளும் நேரடி வாசிப்பும். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளத்துள் தாளை அழுத்தி, மேற்பரப்பில் மை ஒற்றும்போது எழுத்து வெண்மையாகவும் சூழ்பரப்பு கருமையாகவும் பதியும். மைப்படி எழுத்தின் உண்மையளவைத் தருகிறது. ஒளியின் திசையைச் சார்ந்திருப்பதில்லை. ஒளிப்படத்திலோ பக்கவாட்டிலிருந்து ஒளி சாய்ந்து விழுந்தாலன்றி எழுத்தின் பள்ளம் தெரியாது. கல்லின் கறையும் சிதைவும் எழுத்துப்போல் மயக்கும்.

எனினும் மைப்படி தராத ஒன்றை இத்தொடர்படம் தருகிறது. எழுத்துவரி கட்டடத்தின் எந்த உறுப்பில் ஓடுகிறது, எங்கே தூணால் தடைபட்டுத் தொடர்கிறது, கல் எந்நிலையில் இருந்தது ஆகிய சூழற்செய்திகள் அதில் உள்ளன. மைப்படி பாடத்துக்கு உரியது. ஒளிப்படம் பாடம் நிற்கும் இடத்துக்கு உரியது. 1858ஆம் ஆண்டில் அடித்தளம் இருந்த நிலையைப் பிற்கால நிலையோடு ஒப்பிட ஆய்வாளர்க்குக் கிடைக்கும் மூலம் என்ற வகையிலும் அதன் மதிப்புக் குறையாது. தஞ்சாவூர், திருவையாறு ஆகியவற்றின் படத்தொகுதிக்கு விளக்கவுரை எழுதியவர் ஜி. யு. போப் என்பதும் தமிழ் ஆய்வுலகம் நினைவிற்கொள்ளத்தக்கது.

சென்னைக்குத் திரும்பிய பின் 1858இல் டிரைப், அங்கிருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொணர்ந்த அச்சிற்பங்களின் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இடம்பெயர்வதற்கு முந்தைய அவற்றின் நிலைக்கு இப்படங்கள் சான்று.

பணி நின்றதும் அதன்பின்னும்

1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து முடியரசுக்கு மாறியது. நிதி நெருக்கடி மிகுந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் அரசின் ஒளிப்படப் பணியை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்தினார். 1860ஆம் ஆண்டளவில் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. செலவைக் குறைக்கும் வழி எனக் கூறி 1855இல் ஏற்கப்பட்ட கருவி, ஐந்தாண்டுக்குள் வீண்செலவு எனக் கூறி விலக்கப்பட்டது. டிரைப் அதன்பின் பெரிய அளவில் ஒளிப்படப் பணியை மேற்கொள்ளாமல் 1902இல் மறைந்தார். அவரிடம் உதவியாளராகப் பணியாற்றிய சி. ஐயாசாமி சென்னைத் தொழிற்கலைப் பள்ளியின் வாயிலாக இக்கலையைத் தொடர்ந்தார். திறன் ஓர் அலுவலகத்தோடு முடியாமல் உள்ளூர்க் கைகளுக்குச் சென்றது என்பது தனி ஆய்வுக்குரியது.

1867–1868ஆம் ஆண்டுகளில் சென்னை அரசு எட்மண்ட் டேவிட் லயன் என்பவரைக் கொண்டு தென்னகக் கட்டடங்களை மீண்டும் படமெடுக்கச் செய்தது. அவர் கொலோடியன் முறையைக் கையாண்டார். கட்டடக்கலை அறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அப்படங்களுக்கான குறிப்புகளைப் பதிப்பித்தார். ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளியில் அதே கோயில்களுக்கு இருவேறு கருவிகளால் எடுக்கப்பட்ட இரு பதிவுகள் கிடைத்துள்ளமை அரிய வாய்ப்பு. ஒரு படத்தில் உள்ள சுதைச்சிற்பத்தின் நுண்விவரம் மற்றொன்றில் காணப்படவில்லை எனில், அது இடையே சிதைந்ததா, அல்லது தாளின் இழை அதைப் பதியவில்லையா என்ற வினாவை முதலில் எழுப்ப வேண்டும். இவ்வினா எழாவிடில் கருவியின் வேறுபாடு கட்டடத்தின் வரலாறாகப் பிழைபட எழுதப்பட்டுவிடும்.

இன்றைய களப்பணிக்கு இவ்வரலாறு தரும் நெறி

இன்று கல்வெட்டையும் சுவடியையும் கோயிற் சிற்பத்தையும் படமெடுக்கும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் கைப்பேசியையோ எண்மக் கேமராவையோ பயன்படுத்துகின்றனர். டிரைப் தீட்டிய முகிலின் இடத்தில் இன்று கருவியே தானாகச் செய்யும் திருத்தங்கள் உள்ளன. பல ஒளியளவுகளில் எடுத்தவற்றை ஒன்றாக்குதல், விளிம்புகளைக் கூர்மையாக்குதல், இரைச்சலை மழுக்குதல் ஆகியவை மாணவர் அறியாமலே நிகழ்கின்றன. தேய்ந்த எழுத்தின் மெல்லிய கோட்டை இரைச்சல் எனக் கருதி மென்பொருள் மழுக்கினால், பாடமே மாறும். அகன்ற கோண வில்லை ஓரத்து எழுத்துகளை நீட்டுவதால் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதில் மயக்கம் நேரும்.

ஆகவே விலையுயர்ந்த கருவியை நாடுவதற்குமுன் சில வழக்கங்கள் தேவை. திருத்தம் செய்யாத மூலக்கோப்பைப் பாதுகாத்தல், வில்லையைச் சுவருக்கு நேரிணையாக நிறுத்துதல், முக்காலியைப் பயன்படுத்துதல், அளவுகோலை உடன்வைத்தல், சாய்வொளியில் இரு திசைகளிலிருந்தேனும் எடுத்தல், ஒளியின் திசை, நாள், நேரம், கருவி, வில்லை ஆகியவற்றைக் குறித்துவைத்தல் என்பன அவை. 1858இல் தஞ்சையில் 21 படங்களை ஒரே வரியாகப் பொருத்த முடிந்ததற்குக் காரணமான ஒழுங்கும் இத்தகையதே.

முடிவுரை

டிரைப்பின் தென்னகப் படங்கள் வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. மெழுகுத்தாள் முறை, தென்னிந்திய வெப்பம், பயணம், நீர், படத்தின் அளவு ஆகியவற்றைக் கருதி மேற்கொள்ளப்பட்ட தகுந்த தேர்வு. அத்தேர்வு கல்லைத் தெளிவாகவும் மனிதரை அரிதாகவும் வானத்தைக் கைத்திருத்தத்தோடும் பதியச் செய்தது; ஆதலால் வெறுமையான தெருவை நோக்கத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. கல்வெட்டுப் பதிவில் ஒளிப்படமும் மைப்படியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. வேறுவேறு செய்திகளைத் தருவன. பழைய ஒளிப்படத்தைச் சான்றாக எடுத்தாளும் ஆய்வுரைகள், படத்தின் தலைப்பையும் ஆண்டையும் குறிப்பதோடு நில்லாமல், எதிர்ப்படத்தின் வகை, படியின் வகை, கைத்திருத்தம் ஆகியவற்றையும் குறிக்கும் முறை தமிழ் ஆய்வுலகில் நிலைபெறுதல் வேண்டும்.